துணிமணிகளில் ஒளிந்திருக்கும் பெயர்கள்

துணிக்கடையிலும் தையற்கடையிலும் நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தைகளில் எத்தனை ஊரும் ஆளும் ஒளிந்திருக்கிறார்கள் தெரியுமோ? 'ஜீன்ஸ்' என்றால் இத்தாலியிலுள்ள ஜெனோவா நகரம். 'டெனிம்' பிரான்ஸிலுள்ள நீம் என்ற ஊர். (வேப்பமரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

புத்தகத்துக்குக் 'காலிகோ பைண்டிங்' போடுகிறோமே, அந்தக் காலிகோ நம் பக்கத்து ஊர்தான். கோழிக்கோட்டைப் பெரியவர்கள் கள்ளிக்கோட்டை என்பார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது காலிகட். அங்கிருந்து போன பருத்தித் துணி 'காலிகோ' ஆயிற்று. பிறகு நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிக்கும் அதே பெயர்தான். லேசாக இருக்கும், துவைத்தால் சாயம் போகாது, பூப்போட்டு அழகாகவும் இருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் விடுவார்களா? அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. கோபம் யார் மேல் திரும்பியது என்கிறீர்கள்? 1719-ல் லண்டன் தெருக்களில் காலிகோ உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் ஊற்றினார்கள். இறக்குமதி செய்த கம்பெனிக்காரரை விட்டுவிட்டு, கட்டிக்கொண்டவளைப் பிடித்தார்கள் பாருங்கள்! 1721-ல் அச்சடித்த காலிகோவை உடுத்தவே கூடாதென்று சட்டமும் வந்தது. 1774-ல்தான் அதை எடுத்தார்கள்.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஒரு தகவல். முன்னால் பட்டன் வைத்த கார்டிகன், கழுத்திலிருந்தே சரிந்து இறங்கும் ராக்லன் கை, குளிருக்குப் போடும் மங்கி குல்லாவான பாலக்லாவா, இந்த மூன்றும் ஒரே சண்டையில் பிறந்த பெயர்கள். அது 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியா யுத்தம். ராக்லன் பிரபு தளபதி. 1815-ல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். பாலக்லாவா ஊர். கார்டிகன் பிரபு 1854-ல் அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட குதிரை வீரர்களைப் பீரங்கி வாய்க்கு நேராக நடத்திப் போனவர். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், அவர் பத்திரமாகத் திரும்பிவிட்டார். குளிரில் விறைத்த சிப்பாய்களுக்காக ராப்பகலாகக் கம்பளி பின்னி அனுப்பிய பெண்களின் பெயர் எந்த உடையிலும் இல்லை.

அப்படியென்றால் பெண் பெயரில் உடையே இல்லையா? இருக்கிறது. பள்ளிக்கூட யூனிஃபார்முக்குள் குழந்தைகளுக்குப் போட்டு அனுப்புகிறோமே, ப்ளூமர்! அமெலியா ப்ளூமர் அமெரிக்காவில் 1849 முதல் பெண்களுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் தரையைக் கூட்டுகிற பாவாடை, உள்ளே நாலைந்து உள்பாவாடை, இடுப்பை நெரிக்கும் கச்சு என்று சுமந்தார்கள். எலிசபெத் ஸ்மித் மில்லர் என்பவர் துணிந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடையும் அதன் கீழே தொளதொள கால்சராயும் போட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட நம் சல்வார் கமீஸ்தான். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் குழந்தை. அப்படியே அவர் சிரமமில்லாமல் மாடிப்படி ஏறியதைப் பார்த்து, உறவுக்காரப் பெண்மணியான எலிசபெத் கேடி ஸ்டான்டனும் அதற்கு மாறினார். கைக்குழந்தையோடு படி ஏறியவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

1851-ல் அமெலியா தாமும் உடுத்திக்கொண்டு பத்திரிகையிலும் எழுதினார். எப்படித் தைப்பது என்று கேட்டு ஊர் ஊராகக் கடிதங்கள் குவிந்தன. கேலியும் கூடவே வந்தது. பத்திரிகைகள் சித்திரம் போட்டுச் சிரித்தன, தெருவில் பையன்கள் துரத்தினார்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல என்று அமெலியா எத்தனை சொல்லியும் பெயர் அவர் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. சில வருஷங்களில் அவரும் பழைய பாவாடைக்கே திரும்பிவிட்டார். 1894-ல் அவர் காலமானபோது பெண்கள் சைக்கிள் விடத் தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தோதாக ப்ளூமர் மறுபடி தெருவுக்கு வந்திருந்தது. அது உள்ளாடையானது அதற்கும் பிறகுதான்.