கவிஞருக்குக் கதை வராதா?

கவிஞர் எழுதும் நாவலில் மொழி இருக்கும், கதை இருக்காது என்ற எண்ணம் வாசகரிடமும் விமர்சகரிடமும் ஊறிப்போயிருக்கிறது. பட்டினியும் பனியும் துப்பாக்கியுமாக நகரும் எல்லைப்புற வாழ்க்கை என்றால் கேட்கவே வேண்டாம். புத்தகத்தைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று காட்ட, கனடாக் கவிஞர் கில் ஆடம்சன் 2007இல் வெளியிட்ட 'தி அவுட்லாண்டர்' ஒன்றே போதும். கவிதைகளும் சிறுகதைகளும் எழுதிவந்தவரின் முதல் நாவல் அது.

கதை 1903இல் நடக்கிறது. இரவு. வேட்டை நாய்கள் துரத்த, இளம்பெண் ஒருத்தி காட்டுக்குள் ஓடுகிறாள். வயது பத்தொன்பது. கணவனைக் கொன்றவள், துரத்துபவர்கள் அவனுடைய இரட்டைச் சகோதரர்கள். இதைவிட விறுவிறுப்பான தொடக்கத்தைத் தொழில்முறைத் துப்பறியும் எழுத்தாளரும் எளிதில் தந்துவிட முடியாது. அவளுக்கு மேரி பௌல்டன் என்று பெயர் இருந்தும், கதைசொல்லி பெரும்பாலும் 'விதவை' என்றே குறிப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லில் குற்றமும் துயரமும் சேர்ந்தே நிற்கின்றன. கொலைக்கான காரணம் சிறுகச் சிறுகத்தான் வெளிப்படுகிறது. எதைச் சொல்லாமல் நிறுத்துவது என்ற இந்தக் கணக்கு கவிதையில் பழகியது. கதையின் வேகத்தைக் கூட்டுவதும் அதுவே.

மலைக்காட்டில் அவள் பசியால் சாகக் கிடக்கும் பகுதிகளை, கவிஞருக்கு வருணனைதான் வரும் என்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். அங்கே இயற்கை அழகுப் பொருளாக வருவதில்லை. குளிர், ஈரம், உணவு, குதிரையின் உடல்நிலை ஆகியவையே அவளது உயிரைத் தீர்மானிக்கின்றன.

அவள் அடைக்கலம் தேடும் ஃபிராங்க் சுரங்க ஊர் கற்பனை அன்று. இன்றைய ஆல்பர்ட்டா மாநிலத்தின் குரோஸ்னெஸ்ட் கணவாயில் இருந்தது. 1903 ஏப்ரல் 29 அதிகாலையில் டர்ட்டில் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து, எட்டுக் கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் ஊரின் ஒரு பகுதியை மூடியது. குறைந்தது 70 பேர் மாண்டனர். சுரங்கத்துக்குள் சிக்கிய 17 தொழிலாளர்கள் தாங்களே வழி தோண்டி வெளியே வந்தனர். இந்தப் பேரழிவை நாவல் தன் கதைக்குள் கொண்டுவருகிறது.

குறையே இல்லாத நாவல் என்று இதைச் சொல்ல முடியாது. ஃபிராங்க் ஊருக்கு வந்தபின் விசித்திர மனிதர்கள் அதிகமாகி ஓட்டம் தளர்கிறது. ஆனால் அந்தக் குறை எந்த நாவலாசிரியருக்கும் நேரக்கூடியது. அதைக் கவிதையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஆடம்சன் தனி விதிவிலக்கும் அல்ல. பழங்குடிக் கவிஞர் ஜேம்ஸ் வெல்ச், மொன்டானாச் சமவெளியின் வறண்ட வாழ்வை 'வின்டர் இன் த பிளட்' (1974) என்ற முதல் நாவலில் எழுதினார். நியூஃபவுண்ட்லாந்துக் கவிஞர் மைக்கேல் கிரம்மி, அங்கே அழிந்துபோன பியோதுக் மக்களுக்கும் குடியேறிகளுக்கும் நடந்த மோதலை 'ரிவர் தீவ்ஸ்' (2001) நாவலாக்கினார். அதுவும் முதல் நாவலே.

'தி அவுட்லாண்டர்' பெற்ற பரிசுகளுள் ஒன்று, குற்றப் புனைவுக்கென்றே வழங்கப்படும் ஹாமெட் பரிசு. கதைப் பின்னலே உயிரான ஒரு துறையில், கவிஞர் ஒருவரின் முதல் நாவலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது.