தலைக்கு மேல் வெயில்... காலடியில் வெள்ளம்!

ஹவாயின் கவாய் தீவில், காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது ஹனகாபியாய் அருவி. உயரம் சுமார் 90 மீட்டர். வண்டி எதுவும் போகாது. போக 6.5 கி.மீ, வர 6.5 கி.மீ என நடந்தே தீர வேண்டும். பாதி தூரம் கடலோர மலைப்பாதை. மீதி, மூங்கிலும் கொய்யா மரங்களும் அடர்ந்த பள்ளத்தாக்கு.

சேற்றில் வழுக்கி விழுவதைவிடப் பெரிய ஆபத்து, ஓடை. வழியில் பலமுறை அதில் இறங்கித்தான் கடக்க வேண்டும். உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வயாலியாலி சிகரம் இதே தீவில்தான் இருக்கிறது. மலை உச்சியில் கொட்டும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். 2014-ல் இப்படி ஓடை பெருகியதில், நூற்றுக்கும் மேற்பட்டோர் மறுகரையில் சிக்கி, மீட்கப்பட்டார்கள்.

போகிறவர்கள் கவனிக்க:

* வெளியூர்க்காரர்களுக்குப் பூங்கா நுழைவு முன்பதிவு அவசியம்.
* அருவிக்கு நேர் கீழே குளிக்க வேண்டாம். மேலிருந்து கல் விழும். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கவும் கூடாது, எலிக்காய்ச்சல் வரலாம்.
* தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, மட்டம் ஏறினாலோ இறங்காதீர்கள். மேட்டில் காத்திருங்கள். மழை விட்டால், ஏறிய வேகத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும்.

இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரம்தான் பலரையும் வெள்ளத்தில் இறக்கிவிடுகிறது. ஒரு ராத்திரி காட்டில் பசியோடு கிடந்தாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம்!