இரு சாலைகளின் கதை



கனடா நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வில்லியம்ஸ் லேக் என்னும் உள்நாட்டு நகரினின்று பெல்லா கூலா என்னும் கடற்கரைச் சிற்றூர்வரை ஏறத்தாழ 450 கிலோ மீட்டர் நீளுகின்றது 20-ஆம் எண் சாலை. சென்ற கோடையில் அவ்வழியே பயணம் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அந்நாட்டில் வாழும் அன்பர் ஒருவர் காரோட்ட, நாம் பெட்ரோல் முள்ளைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தோம். ஒரு பெட்ரோல் நிலையத்திற்கும் அடுத்ததற்கும் இடையே காடன்றி வேறில்லை.

பிரேசர் ஆற்றைக் கடந்து மேலேறினால் சில்கோட்டின் பீடபூமி. கடலோர மலைகள் மழையைத் தம்மிடமே நிறுத்திக் கொள்வதால் இது வறண்ட நிலம். ஒல்லியான பைன் மரங்கள், வெளிறிய புல்வெளிகள், ஆங்காங்கே ஏரிகள், மேற்கே பனி மூடிய சிகரங்கள். எதிரே வண்டி ஒன்று வந்தால் ஓட்டுபவர் கையசைக்கின்றார். அத்துணை அரிது மனித முகம்!

இப்பேரமைதியினூடே செல்லுகையில்தான் அன்பர் ஒரு பழங்கதையைக் கூறத் தொடங்கினார். சில்கோட்டின் மக்கள் தொன்றுதொட்டு வாழும் நிலம் இது. 1862-இல் பரவிய பெரியம்மை இம்மாகாணத்துப் பழங்குடியினரை ஊர் ஊராக அழித்தது. அத்துயரம் ஆறுமுன்னரே, உள்நாட்டுத் தங்க வயல்களுக்குக் கடலினின்று குறுக்குவழி காண விரும்பிய ஆல்பிரட் வாடிங்டன் என்பவர், அவர்களது இசைவைப் பெறாமலே அவர்கள் நிலத்தின் வழியாகச் சாலை வெட்ட ஆட்களை அனுப்பினார். மீண்டும் அம்மையை ஏவுவோம் என்று வேலையாட்களுள் ஒருவன் மிரட்டியதாகவும் சொல்லப்படுகின்றது. 1864 ஏப்ரலில், சாலை வேலையைச் சேர்ந்த 14 பேரைச் சில்கோட்டின் வீரர்கள் கொன்றனர். கூடாரத்தில் உறங்கிக் கொண்டிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அதன்பின் நடந்ததை என்னென்பது! சமாதானம் பேசலாம் என்று நம்பி வந்த தலைவர்களுக்கு விலங்கு பூட்டி, அவ்வாண்டு அக்டோபர் 26-இல் ஐவரைத் தூக்கிலிட்டனர். மறு ஆண்டு இன்னும் ஒருவரை. வாடிங்டனின் சாலையோ முடிவு பெறவே இல்லை.

2018 மார்ச் 26-இல், அந்நாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து, அவ்வறுவரும் குற்றமற்றவர்கள் என அறிவித்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1,700 சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட நிலம் இம்மக்களுக்கே உரியது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிழையை ஏற்றுக்கொள்ள ஓர் அரசுக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

அனகிம் லேக் என்னும் சிற்றூரைக் கடந்ததும் தார் முடிந்து சரளைக்கல் தொடங்குகின்றது. 1,524 மீட்டர் உயரத்திலுள்ள ஹெக்மன் கணவாயைத் தாண்டியவுடன் சாலை பள்ளத்தாக்கினுள் சரிகின்றது. சில இடங்களில் நூறடி செல்வதற்குள் பதினெட்டடி இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. நமக்கு மலைச்சாலை புதிதன்று. ஆயினும் நம் கை தானாகவே பைக்குள் செபமாலையைத் தேடிற்று என்பதை மறைப்பானேன்?

முன்னாளில் இவ்விடத்தில் சாலையே இல்லை. பெல்லா கூலா மக்கள் வெளியூர் செல்லக் கப்பலை நம்பினர். அன்றேல் மலைத்தடத்தில் நடந்தோ குதிரையிலோ ஏறினர். இச்சரிவில் சாலை அமைத்தல் இயலாது என்று அரசு கைவிரிக்கவே, 1952-இல் ஊரார் தாமே வேலையைத் தொடங்கினர். மேலிருந்து ஒரு புல்டோசர் இறங்க, கீழிருந்து ஒன்று ஏறிற்று. வெடி வைத்துப் பாறையைத் தகர்த்தனர். பின்னர் அரசும் சிறிது பணம் தந்தது. 1953 செப்டம்பர் 26-இல் அவ்விரு புல்டோசர்களும் நேருக்கு நேர் வந்து முட்டி நின்றன. சுதந்திரச் சாலை என்று அதற்குப் பெயரிட்டனர். அப்பெயர் அவர்களுக்குத் தகும். தம் கையால் வெட்டிய வழியன்றோ! ஆனால் மேலே பீடபூமியில் கேட்ட கதை நம் செவியில் ஒலித்துக் கொண்டிருந்தமையால், அப்பெயரை முழுமனத்தோடு உச்சரிக்க நமக்கு இயலவில்லை.

கீழே வேறோர் உலகம். ஈரக் காற்று, அண்ணாந்து பார்க்க வேண்டிய செந்நிறத் தேவதாரு மரங்கள், சால்மன் மீன்கள் ஏறிவரும் ஆறு. இங்கே வாழும் நுஹால்க் மக்கள் சிறுமீன் ஒன்றிலிருந்து எடுக்கும் நெய்யைப் பெட்டிகளில் சுமந்து சென்று மலைக்கு அப்பாலுள்ளாரோடு பண்டமாற்றுச் செய்து வந்தனர். அவர்களது கால்தடமே இம்மலைகளின் முதற்சாலை. 1793-இல் அலெக்சாண்டர் மக்கென்சி என்னும் ஆய்வாளர் பசிபிக் கடலை அடைந்ததும் பழங்குடியினர் வழிகாட்ட அத்தடத்தின் வழியேதான். களைத்து வந்த அவருக்குப் பள்ளத்தாக்கு மக்கள் சால்மன் மீன் படைத்தனர்.

நாமும் அன்றிரவு சால்மனையே உண்டோம். மறுநாள் காலை அன்பர் காரை முதல் கியரில் போட்டு அச்சரிவில் ஏற்றலானார். நாம் ஏரிகள் தென்படும்வரை வாய் திறக்கவில்லை.