சட்டசபைத் தேர்தலில் உழவர் ஓட்டு யாருக்கு?

விதை நெல் வாங்கும் விவசாயி மூட்டையின் பகட்டைப் பார்த்து மயங்குவதில்லை. சான்று அட்டை இருக்கிறதா, முளைப்புத் திறன் 80 சதவீதம் உண்டா, காலாவதி நாள் எது என்று பார்த்த பிறகுதான் மடியை அவிழ்க்கிறார். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் சரிக்கட்டலாம் என்ற நிலையிலேயே இத்தனை எச்சரிக்கை. ஓட்டோ, போட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப வராது. அதைப் பழக்கத்துக்காகவும் சாதிக்காகவும் மேடைப் பேச்சுக்காகவும் போட்டுவிட்டு வருகிறவர்கள் பலர்.

எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற வாதம் டீக்கடையில் என்றும் முடியப் போவதில்லை. அதைவிட விவசாயிக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு. கட்சி சொல்லும் காரியம் சட்டசபையால் ஆகக்கூடியதா? ஆகுமென்றால் அதைச் சொன்னபடி செய்யும் கட்சி எது?

கோட்டையின் கையில் இருப்பவை

விவசாயம், பாசனம், நிலம், சந்தை, கூட்டுறவு ஆகியவற்றை அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணை மாநிலத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஏரி, கண்மாய் மராமத்து, வாய்க்கால் தூர் வாருதல், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் காலத்தில் திறத்தல், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பட்டா, அடங்கல் எல்லாம் மாநில ஆட்சியின் வேலைகள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் தரும் செலவையும் மாநில அரசே ஏற்கிறது.

உர மானியமும் நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கையும் டெல்லியின் கையில் உள்ளவை. பாமாயில் இறக்குமதி வரி குறைந்தால் நிலக்கடலை விவசாயிக்கும் தென்னை விவசாயிக்கும் அடி விழும். ஆனால் அந்த வரியைச் சட்டசபையால் மாற்ற முடியாது. மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2021 ஆகஸ்டில் தமிழகச் சட்டசபை தீர்மானம் போட்டது. அந்தச் சட்டங்களை நீக்கியது அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றம்தான். தீர்மானம் போடுவதிலும் குரல் கொடுப்பதிலும் பயன் உண்டு. ஆனால் அதையே சாதனையாகக் கணக்கு எழுதிக் கொள்வது சரியல்ல.

காவிரியும் அப்படியே. எல்லையில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்பது 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்து வைத்த அளவு. மேடையில் எவ்வளவு முழங்கினாலும் அந்த எண் ஏறாது. ஆனால் வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே வாய்க்கால் தூர் வாரப்பட்டதா, தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மாநில ஆட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

தானாகக் கிடைத்ததல்ல

இலவச மின்சாரம் எந்தத் தலைவரும் தாமாக அள்ளிக் கொடுத்த கொடையல்ல. மின் கட்டண உயர்வை எதிர்த்து சி.நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1972-ல் கோவை நகரில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. பிறகுதான் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி ஆட்சி எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் தந்தன. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி மீண்டும் கட்டணம் விதித்தது. 2004 பாராளுமன்றத் தேர்தலில் ஆளும் கட்சி படுதோல்வி கண்டதும் அதே ஆட்சி அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. இந்தக் கட்சிக்குத்தான் எப்போதும் ஓட்டு என்று தெரிந்துவிட்டால் விவசாயியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மாற்றிப் போடக்கூடியவர் என்ற எண்ணம் இருக்கும் வரைதான் மதிப்பு.

உமி நீக்கிப் பார்க்க வேண்டும்

வாக்குறுதியின் உள்ளே இருக்கும் அரிசி எவ்வளவு என்று பார்க்க நெல் விலையே நல்ல எடுத்துக்காட்டு. 2021 தேர்தலில் தி.மு.க. குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்தது. அப்போது வந்த 2021-22 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய ஆதரவு விலை 1,940 ரூபாய். உடனே நிறைவேற்றியிருந்தால் மாநிலம் 560 ரூபாய் சேர்த்துத் தந்திருக்க வேண்டும். 2,500 ரூபாய் நடைமுறைக்கு வந்தது 2025 செப்டம்பரில். அதற்குள் ஆதரவு விலை 2,369 ஆகிவிட்டதால் மாநிலத்தின் ஊக்கத்தொகையாக 131 ரூபாய் போதுமானதாயிற்று. சொன்ன எண் கிடைத்தது உண்மை. இடையில் போன நான்கு ஆண்டுகளும் உண்மை. விலை சொல்லும் கட்சியிடம் மாநிலத்தின் பங்கு எவ்வளவு, எந்தப் பருவத்திலிருந்து என்று கேட்க வேண்டும்.

கடன் தள்ளுபடியிலும் இதே கவனம் தேவை. 2016-ல் அ.தி.மு.க. சொன்னது சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி. ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கோர்ட் வரை போனார்கள். அந்த வரம்பு செல்லும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாயிற்று. பலர் மூச்சு விட்டார்கள். ஆனால் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்து, அடங்கலில் பெயர் இல்லாமல், கந்து வட்டிக்கு வாங்கியவருக்கு இந்தத் தள்ளுபடிகளில் ஒரு பைசாவும் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் வரும் கூலியாளுக்கும் இல்லை. யாருக்குக் கிடைக்கும் என்பதோடு யார் விடுபடுகிறார் என்பதையும் ஊர் சேர்ந்து கேட்பதே நியாயம்.

தேர்தல் அறிக்கை பத்திரமல்ல. கோர்ட்டில் வைத்து வசூலிக்க முடியாது. அதற்கு ஜாமீன் அந்தக் கட்சியின் பழைய நடத்தை ஒன்றுதான். எனவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வருமுன், ஒவ்வோர் ஆயக்கட்டிலும் நிலக்காரர், குத்தகைதாரர், கூலியாள் மூவரும் உட்கார்ந்து, மாநில ஆட்சியால் ஆகக்கூடிய மூன்று தேவைகளை எழுதி வைத்துக் கொள்வது நல்லது. உடைந்த மதகு, திறக்காத கொள்முதல் நிலையம், மாற்றப்படாத பட்டா என எதுவாகவும் இருக்கலாம். எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் அதையே கேட்கட்டும். போன முறை ஆண்டவர் ஏன் செய்யவில்லை, எதிரே இருந்தவர் சட்டசபையில் அதைப் பேசினாரா என்றும் கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறவரைவிட, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துச் சொல்பவரே நம்பத் தகுந்தவர்.