பழங்கடல் இழந்த பிராணவாயு: கரியமில வாயு எழுதிவைத்த கணக்கு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள விட்பி என்ற சிறு துறைமுக நகரில், கறுப்பு நிற அணிகலன்களை விற்கும் கடைகளை இன்றும் காணலாம். 1861ஆம் ஆண்டில் கணவர் ஆல்பர்ட் இளவரசரை இழந்த விக்டோரியா மகாராணி துக்கத்தின் அடையாளமாக அணிந்ததால் பெயர் பெற்றது, 'ஜெட்' எனப்படும் இந்தப் பொருள். கல் போலத் தோன்றினாலும் இது கல் அல்ல. ஜுராசிக் காலத்தில் கடலில் விழுந்து, அடிச்சேற்றில் புதையுண்டு இறுகிப்போன மரம்.

அந்த மரம் மட்கிப் போகாததற்கு, அது புதைந்த சேற்றில் பிராணவாயு அநேகமாக இல்லாமல் இருந்ததே முக்கியக் காரணம். சுமார் 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததன் தடயம் அது. தென் ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் என்ற ஊரில் அதே காலத்தின் கறுப்புப் பாறைகளில், மீன் உருவம் கொண்ட கடல் ஊர்வனவற்றின் உடல்கள் தோலின் வடிவம்கூடச் சிதையாமல் கிடைத்திருக்கின்றன. தின்பதற்கோ கிளறுவதற்கோ அடியில் எந்த உயிரினமும் இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

கடல் இவ்வாறு பரவலாகப் பிராணவாயுவை இழந்த காலகட்டங்கள் உண்டு என்ற கருத்தை, ஷ்லாங்கர், ஜென்கின்ஸ் ஆகிய இரு புவியியலாளர்கள் 1976இல் முன்வைத்தனர். அவர்கள் அப்போது எடுத்துக்கொண்டது இதற்குப் பிந்தைய கிரெட்டேசியஸ் காலத்தை. ஜுராசிக் நிகழ்வு பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

உலகக் கடலா, உள்ளூர்க் கடலா?

ஆனால் ஒரு கேள்வி நெடுங்காலமாக நீடித்தது. யார்க்‌ஷயரும் ஜெர்மனியும் அன்று ஆழமற்ற, தீவுகளால் தடுக்கப்பட்ட ஒரு கடலின் அடியில் இருந்தன. இன்றைய கருங்கடலின் ஆழத்தில் பிராணவாயு இல்லை என்பதற்காக உலகக் கடல் முழுவதும் மூச்சுத் திணறுகிறது என்று யாரும் கூறமாட்டார்கள். விட்பியின் கறுப்புப் பாறையும் அத்தகைய உள்ளூர்ச் சாட்சியாக இருக்கலாம் அல்லவா?

இதற்கு விடை தேட, 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கறுப்புப் பாறையை விட்டுவிட்டு, தென் இத்தாலியில் மெர்காத்தோ சான் செவெரீனோ என்ற இடத்தின் வெளிறிய சுண்ணாம்புப் பாறையை நாடியது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அப்பாறையில் உள்ள யுரேனியத்தை அளந்தது. இந்த முறையின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. கடல் நீரில் கரைந்துள்ள யுரேனியம் வெளியேறுவதற்கு மிக நீண்ட காலம் பிடிப்பதால், அது உலகக் கடல் எங்கும் ஒரே சீராகக் கலந்துவிடுகிறது. பிராணவாயு இல்லாத அடிச்சேறு எங்கேனும் பரவினால், யுரேனியம் அதில் படிகிறது. அதிலும் கனமான யுரேனிய வகை சற்றுக் கூடுதலாகப் படிவதால், நீரில் எஞ்சுவது சற்று இலேசாகிறது. இந்த மாற்றம் நன்கு காற்றோட்டமுள்ள ஆழமற்ற நீரில் உருவாகும் சுண்ணாம்பிலும் பதிவாகிவிடுகிறது. எங்கோ நடந்த மரணத்தின் செய்தியை, எல்லாத் துறைமுகங்களுக்கும் நீரே எடுத்துச் சென்றது எனலாம்.

ஆய்வின் முடிவு: அன்று உலகக் கடல்தரையில் சுமார் 6 முதல் 8 சதவீதம் வரை பிராணவாயு அற்றிருந்தது. இன்று அந்த அளவு சுமார் 0.2 சதவீதம் மட்டுமே. ஆகவே உள்ளூர்க் கதை அல்ல.

எரிமலையிலிருந்து சேறு வரை

காரணம் தென் துருவத்தை நோக்கி இருந்தது. இன்றைய தென் ஆப்பிரிக்காவிலும் அன்டார்க்டிகாவிலும் காரூ, ஃபெரார் எனப்படும் மாபெரும் எரிமலைக் குழம்புப் பெருக்கு அக்காலத்தில் நிகழ்ந்தது. குழம்பிலிருந்து வந்த வாயு மட்டுமல்ல, அது ஊடுருவிச் சென்ற நிலக்கரி போன்ற படிவுகள் வெந்து வெளியிட்ட வாயுக்களும் காற்றில் சேர்ந்தன. வெப்பம் உயர்ந்தது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். மேல்நீர் சூடேறி இலேசாகும்போது, அடியில் உள்ள குளிர்ந்த நீருடன் கலப்பதும் குறைகிறது. மறுபுறம், வெப்பமும் மழையும் நிலத்துப் பாறைகளை அரித்து பாஸ்பரஸ் சத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்க்க, பாசிகள் பெருகின. அவை மடிந்து அழுகியபோது எஞ்சிய பிராணவாயுவும் செலவானது. பிராணவாயு அற்ற சேறு பாஸ்பரஸைப் பிடித்து வைக்காமல் மீண்டும் நீருக்கே விடுவதால், பாசி மேலும் பெருகுகிறது. ஒரு முறை சுழலத் தொடங்கினால் எளிதில் நிற்காத சக்கரம் இது.

அதே சேறுதான் முடிவில் மருந்தும் ஆனது. அழுகாமல் புதைந்த கரிமம் காற்றிலிருந்த கரியமில வாயுவைப் படிப்படியாகக் குறைத்தது. இத்தகைய சேறுகளில் சில பின்னர் எண்ணெயாக மாறின. வட கடல் எண்ணெயின் பெரும்பகுதி, இதற்குப் பிந்தைய ஜுராசிக் கடலொன்றின் பிராணவாயு குன்றிய சேற்றிலிருந்து வந்தது. பழைய கடல் புதைத்து வைத்ததையே நாம் தோண்டி எரிக்கிறோம்.

வேகத்தின் கணக்கு

மேற்படி ஆய்வின் மதிப்பீட்டின்படி, அந்த நிகழ்வில் வெளியான மொத்தக் கரியமில வாயு சுமார் 20.5 லட்சம் கோடி டன். அதற்கு எடுத்த காலம் 3 முதல் 5 லட்சம் ஆண்டுகள். 1850 முதல் 2019 வரை மனிதர்கள் வெளியிட்டது, ஐநாவின் பருவநிலைக் குழுவின் கணக்கில், சுமார் 2.4 லட்சம் கோடி டன். அளவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஆனால் ஆண்டுச் சராசரியை எடுத்தால், எரிமலையின் பங்கு 7 கோடி டன்னைத் தாண்டவில்லை. இன்று புதைபடிவ எரிபொருட்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 3,600 கோடி டன்னுக்கு மேல் வெளியாகிறது. எரிமலை சீராகக் கக்கியிருக்காது, இடையிடையே வேகம் எடுத்திருக்கும் என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரியது.

இதிலிருந்து ஜுராசிக் காலம் அப்படியே திரும்புகிறது என்று அறிவித்துவிடுவது எளிது. அது சரியாகாது. 2022இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் கழக ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியான ஓர் ஆய்வு, சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இருந்த வெப்பக் காலங்களில், திறந்த கடலின் பிராணவாயு அற்ற பகுதிகள் விரியவில்லை, சுருங்கின என்று கண்டது. வெப்பம் என்றாலே மூச்சுத்திணறல் என்ற சமன்பாட்டை இது தகர்க்கிறது. இருப்பினும் அவை நீண்ட காலம் நிலைபெற்ற வெப்பத்தின் படங்கள். நாம் இருப்பது மாற்றத்தின் நடுவில். இக்கட்டுரையாளரின் கருத்தில், அடுத்த நூறு ஆண்டுகளை ஆள்வோருக்கு, பல லட்சம் ஆண்டுகள் கழித்துக் கடல் தேறிவிடும் என்ற செய்தி எந்த வகையிலும் ஆறுதல் தரத்தக்கதல்ல.

அளவீடுகளும் அதையே காட்டுகின்றன. 1960 முதல் 2010 வரை உலகக் கடல் தன் பிராணவாயுவில் 2 சதவீதத்துக்கும் அதிகமாக இழந்தது என்று ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2017இல் தெரிவித்தனர். வங்காள விரிகுடாவின் நடு ஆழங்களில் பிராணவாயு மிகச் சொற்பத் துளிகளாகவே எஞ்சியுள்ளது என்பதும் அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. அத்துளிகள் மறைந்தால், அரபிக் கடலில் நடப்பது போல நீரிலுள்ள நைட்ரஜன் சத்து பெருமளவில் வாயுவாக வெளியேறும். விரிகுடாவின் இரு கரைகளிலும் மீன்பிடித்து வாழ்வோருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

இலக்கு இல்லாத பிரச்சினை

அரசியல் தளத்தில் இந்த இழப்புக்கு இடம் குறைவு. 2015இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் வெப்பநிலைக்கு எண் உண்டு. கடல் பிராணவாயுவுக்கு இல்லை. அதே ஆண்டில் ஐநா ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் கடல் நீர் அமிலமாவது பற்றித் தனி வாசகம் உள்ளது. பிராணவாயு இழப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 2018இல் கீல் நகரில் கூடிய விஞ்ஞானிகள் இதனைச் சுட்டி ஒரு பிரகடனம் வெளியிட்டனர். பிரகடனங்களுக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது.

பால்டிக் கடல் இதில் ஒரு பாடமாக இருக்கிறது. அங்கு பிராணவாயு குன்றிய அடிப்பரப்பு சுமார் ஒரு நூற்றாண்டில் 5,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 60,000க்கும் மேலாக விரிந்தது. உரமும் கழிவுநீரும் முக்கியக் காரணம். பனிப்போரின் நடுவே, 1974இல், இரு அணிகளையும் சேர்ந்த கரையோர நாடுகள் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்துகொண்டன. 1980களுக்குப் பின் கடலில் சேரும் சத்துகளின் அளவும் கணிசமாகக் குறைந்தது. ஆயினும் அடிப்பரப்பு இன்னும் மீளவில்லை. சேற்றில் சேர்ந்திருந்த பழைய பாஸ்பரஸ் தொடர்ந்து மேலே வருகிறது, நீரும் சூடாகி வருகிறது. முதலாவதைக் கையாள ஒன்பது கரையோர நாடுகளின் உடன்பாடு போதும். இரண்டாவதற்கு அந்த ஒன்பது தலைநகரங்களில் மட்டும் விடை இல்லை.