ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையரா?

கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்குகிற சவுண்ட் சர்வீஸ்காரரிடம், ‘பேஸுக்கும் டாப்புக்கும் சேர்த்து ஒரே ஆம்ப்ளிஃபையர் போதாதா?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அவரிடம் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் கிராஸ்ஓவர் என்ற பெட்டி இருக்கும். அது கனமான ஒலியையும் கூர்மையான ஒலியையும் முதலிலேயே பிரித்துவிடும். அதன் பிறகு கீழே உள்ள பேஸ் பெட்டிக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், மேலே உள்ள டாப்புக்கு இன்னொன்று. இதற்குப் பெயர்தான் பை-ஆம்பிங். அந்தப் பெட்டிகளில் இன்று பரவலாக இருக்கும் கிராஸ்ஓவர் முறை, ஹியூலெட்-பேக்கார்டு இன்ஜினீயர்களான லிங்க்விட்ஸ், ரைலி இருவரின் பெயரில் 1976-ல் வெளியானது.

இதே ஆசை இப்போது வீட்டு ஹாலுக்கும் வந்திருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு, போனஸ் வந்தால் அத்திப்பள்ளி தாண்டி 40 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஆசையாக 7.1 ரிசீவர் வாங்கியிருப்பார். வீட்டில் 5 ஸ்பீக்கருக்குத்தான் இடம் இருக்கும். மீதி 2 சேனல் சும்மா கிடக்கும். ரிசீவர் மெனுவிலோ ‘பை-ஆம்ப்’ என்று ஒரு வரி. டெனான், யமஹா ரிசீவர்கள் பலவற்றில் இது உண்டு. ஸ்பீக்கரின் பின்னாலும் இரண்டுக்குப் பதில் நான்கு டெர்மினல்கள். கை சும்மா இருக்குமா?

செய்து பார்க்கலாம், ஒயர் செலவு மட்டும்தான். ஆனால், சவுண்ட் சர்வீஸ்காரர் செய்வது வேறு, இது வேறு. இங்கே பிரிக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருக்குப் பிறகு, ஸ்பீக்கர் பெட்டிக்குள்தான் நடக்கிறது. இரண்டு சேனலுமே முழுப் பாட்டையும் பெருக்குகின்றன. அதோடு எல்லாச் சேனலுக்கும் கரன்ட் கொடுப்பது பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டில் பெரும் சக்தியைத் தின்பது வூஃபர். ட்வீட்டருக்குத் தேவை மிகக் கொஞ்சம். அதற்கு 80 வாட்ஸ் சேனலைத் தனியாக ஒதுக்குவது, ஒரு டம்ளர் தண்ணீருக்கு லாரி பிடிப்பது போல. சரி, வாட்ஸ் நிஜமாகவே இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். பை-ஆம்ப் போட்டதும் ‘பாட்டே மாறிப்போச்சு’ என்று தோன்றுவதில் பாதி, புது ஒயர் மாட்டிய சந்தோஷம்.

லாபம் சின்னது, கவனக்குறைவுக்கு விலை பெரியது. ஸ்பீக்கரின் நான்கு டெர்மினல்களில் மேலேயும் கீழேயும் இணைத்து ஒரு பித்தளைப் பட்டை இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் இரண்டாவது ஒயரை மாட்ட வேண்டும். மறந்தால் இரண்டு சேனல்களின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும். அதிர்ஷ்டம் இருந்தால் ரிசீவர் தானே அணைந்துகொள்ளும். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். ரிசீவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டே இந்த வேலையெல்லாம். மெனுவில் பை-ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அந்தச் சேனலில் சத்தமே வராது.

நம் ஊர் அசெம்பிள் 5.1 செட்டில் இதை முயல்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதில் பை-ஆம்ப் மெனு கிடையாது. ‘சப்வூஃபர் சேனல் இருக்கிறதே, வூஃபரை அதில் கொடுப்போம்’ என்று சிலருக்குத் தோன்றும். அந்தச் சேனல் சுமார் 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் விடாது. ட்வீட்டரோ பெரும்பாலும் 2,000, 3,000 ஹெர்ட்ஸில்தான் வேலையை ஆரம்பிக்கும். நடுவில் இருப்பதுதான் மனிதக் குரல். பாடகர் காணாமல் போய், டிரம்ஸும் ஜால்ராவும் மட்டும் மிஞ்சும்!

உண்மையான பை-ஆம்ப் வேண்டுமென்றால், சவுண்ட் சர்வீஸ் வழிதான். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரானிக் கிராஸ்ஓவர் போட்டு, பெட்டிக்குள் இருக்கும் பழைய கிராஸ்ஓவரைத் தாண்டி வூஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் நேராக ஒயர் இழுக்க வேண்டும். பலன் காதுக்குத் தெரியும்: பேஸ் அதிரும்போது குரல் கலங்காது, இரண்டின் அளவையும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும்போது வரும் அந்த ‘டப்’ ஒன்று போதும், நேராக இணைத்த ட்வீட்டரின் முடி போன்ற கம்பியைக் கருக்க. அதனால் 8 ஓம்ஸ் ட்வீட்டருக்கு முன்னால் 20 மைக்ரோஃபாரட் நான்-போலார் கப்பாசிட்டர் ஒன்று காவலுக்கு இருக்கட்டும். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அது தடுத்துக்கொள்ளும். மேலே உள்ள பாட்டைத் தொந்தரவு செய்யாது.

புது ஸ்பீக்கரைத் திறந்தால் வாரண்டி போய்விடும். முதல் சோதனைக்குப் பரணில் கிடக்கும் பழைய பெட்டிகளே போதும்.