கடலுக்கு வடிவம் உண்டு

க்ளோத் டெபுஸியின் 'லா மேர்' என்னும் ஆர்கெஸ்ட்ரா இசைக்கோவையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்கள் ஒரே சொற்றொடரில் முடித்துக்கொள்கிறார்கள்: "ஓவியம் போன்ற இசை, அதில் வடிவம் தேடக்கூடாது." கடல் வடிவமற்றது, ஆகவே கடலைப் பற்றிய இசையும் வடிவமற்றது என்பது இதன் உட்கிடை. நெய்தல் திணையைப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவருபவன், திருவொற்றியூரில் குடியிருப்பவன் என்ற முறையில், இவ்விரண்டையுமே நான் மறுக்கிறேன்.

முதலில் கடல். எங்கள் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூருக்கு அப்பாலும் கரை அரிக்கப்பட்டது. இன்று நாங்கள் கருங்கல் குவியல்களுக்கு மேலாகத்தான் கடலைப் பார்க்கிறோம். தனி அலை மனம்போன போக்கில் ஆடுவதாகத் தோன்றலாம். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதன் ஒழுங்கு தெரியும். வடிவம் புலப்பட அவகாசம் வேண்டும், அவ்வளவே.

இனி இசை. 1903இல் தொடங்கி 1905இல் டெபுஸி முடித்த இப்படைப்பு, அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று பாரிஸில் அரங்கேறியது. 'கடல்மீது விடியலிலிருந்து நண்பகல் வரை', 'அலைகளின் விளையாட்டு', 'காற்றும் கடலும் உரையாடல்' என மூன்று பகுதிகள். 'சிம்பொனிக்' சித்திரங்கள் என்றே டெபுஸி இவற்றை அழைத்தார். இதில் கடலைக் கேட்கவும் இல்லை, காணவும் இல்லை என்று பியர் லாலோ என்னும் விமர்சகர் குறைப்பட்டார். படத்தை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம் இயல்பே.

சிம்பொனி மரபில் ஆதாரசுரம் முதலிலேயே வீடாக நாட்டப்படும். இசை வெளியே சென்று அவ்வீட்டுக்குத் திரும்பும். டெபுஸி இதை மாற்றினார். தொடக்கத்தில் டபிள் பாஸும் டிம்பனி முரசும் தாழ்ந்த 'பி' சுரத்தை நீளப் பிடித்து நிற்கின்றன. அது வீடன்று, வாசல். அதிலிருந்து மெல்ல எழும் இசை 'டி ஃப்ளாட்' சுரத்தில் கால் ஊன்றுகிறது. பின் நான்கு பிரிவாகப் பகுக்கப்பட்ட செல்லோக்கள் புதியதொரு பொருளைத் தொடங்குகின்றன. முன்னர்ச் சொன்னது அப்படியே மீண்டும் வருவதில்லை. முடிவில் பித்தளைக் குழல்களின் கம்பீரமான கூட்டிசையில் நண்பகல் வந்துவிடுகிறது. மூன்றாம் பகுதியில் அக்கூட்டிசை திரும்புகிறது. முதற்பகுதியின் முன்னுரையில் ட்ரம்பெட் ஊதிய சிறு தொடரும் திரும்புகிறது. முழுப் படைப்பும் அதே 'டி ஃப்ளாட்'டில் நிறைவுறுகிறது. வடிவமில்லாத ஒன்றில் இவ்வளவு நினைவாற்றல் இருக்குமா?

ஹார்மனியிலும் இவ்வாறே. மரபான ஹார்மனியில் சில சுரக்கூட்டுகள் வினா போன்றவை. அடுத்த கூட்டு விடை சொல்லியாக வேண்டும். டெபுஸி அவ்வினாக்களை விடையின்றி வரிசையாக நகர்த்துகிறார். ஒவ்வொரு கூட்டும் தன்னளவில் ஒரு நிறமாகிறது. சில இடங்களில் மோகனத்தை ஒத்த ஐந்து சுர அடுக்குகள். சில இடங்களில் நாம் வாசஸ்பதி என்றழைக்கும் சுர வரிசை. அவர் நம் ராகங்களைக் கையாண்டார் என்று சொல்ல வரவில்லை. 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவர் கேட்டு வியந்தது ஜாவாவின் கமெலான் இசையை. ஆயினும், நிலைத்த சுரத்தின்மேல் நிறங்கள் மாறுவதைக் கேட்கத் தம்பூராவில் பழகிய செவிக்குத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை.

இந்த உறவை அக்காலப் பிரெஞ்சுக்காரர் ஒருவரே உணர்ந்திருந்தார். ரவெலின் மாணவரான மொரீஸ் டெலாஜ் 1912இல் இந்தியாவுக்கு வந்தார். கோயம்புத்தூர் தாயி அம்மாளின் இசைத்தட்டைக் கொண்டு 'ராகமாலிகா' என்னும் படைப்பை அமைத்தார். அதில் பியானோவின் தாழ்ந்த 'பி ஃப்ளாட்' தந்திக்கு அடியில் அட்டைத்துண்டைச் செருகி, முழக்கத்தை அடக்கி, நம் தாளவாத்தியத்தின் ஒலியை வருவிக்கச் சொன்னார். அவர் நம்மைக் காதுகொடுத்துக் கேட்டார். நாமோ அவர்களைக் கண்ணால் மட்டும் பார்த்து 'ஓவியம்' என்கிறோம்.

ஒருமுறை வகுப்பில் இவ்விசையை ஒலிக்கச் செய்தேன். முடிந்ததும் காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தக் கடல்ல படகே இல்லியே!" என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் அவ்வளவு கூர்மையாக இல்லை. தொல்காப்பிய நோக்கில் சொன்னால், இங்கே பொழுதும் இடமுமாகிய முதற்பொருள் உண்டு; அலையும் காற்றுமாகிய கருப்பொருள்கள் உண்டு; இரங்குவதற்கு ஒரு தலைவி இல்லை. வலை உலர்த்துவோரும் உமணரும் இல்லை.

அம்மாணவருக்கு அன்று நான் சரியான விடை சொல்லவில்லை. இன்று சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: தம்பி, நீ சொன்ன குறை உண்மை. ஆனால் நெய்தற் பாட்டில் நண்டும் புன்னையும் வெறும் காட்சியல்ல என்று நாம் படித்தோமே, அதுபோல இங்கே உரிப்பொருள் சுரங்களின் அமைப்புக்குள் இருக்கிறது. வீடு எது என்று அறியாமல் புறப்பட்டு, நெடுநேரம் அலைந்து, வீடு சேர்வதுதான் அது. கடலுக்குப் போய்த் திரும்பும் எவருக்கும் அது அந்நியமான உணர்வன்று.

மொத்தம் இருபத்தைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நண்பர்கள் ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.